படத்தில் வள்ளங்கள் இல்லை

ஏப்ரல் 2, புதன்

காலையிலேயே வெக்கை. துறைமுகப் பக்கமிருந்து சொட்டுக் காற்றும் இல்லை. இன்றைய வேலை: பெயர்ப்பலகையைக் கழற்றுவது.

'வெள்ளோட்டம்' நான் வைத்த பெயர். நானும் கஜனும் கம்பஸ் படிப்பு முடித்து, உட்துறைமுக வீதியில் இந்த மாடி அறையை எடுத்து, விளம்பரமும் இணையத்தளமும் செய்யத் தொடங்கிய காலத்தில். அப்போது அவனும் கைதட்டினான். இப்போது, "தமிழ்ப் பேர் வச்சா கொழும்பில ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்" என்கிறான். புதிய பெயர் ஒரே ஓர் ஆங்கிலச் சொல். அதிலும் ஓர் உயிரெழுத்தைத் தூக்கிவிட்டான்.

"ஏன்?"

"அதுதான் இப்ப ஸ்டைல், தர்சி."

உயிர் இல்லாத சொல்லை எப்படி வாயில் வைப்பது என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

லோகோ வரைந்ததும் நான்தான். நீலம், இன்னும் கொஞ்சம் நீலம். நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 5, சனி

இனி ஹோட்டல் வேலை மட்டும். கஜன் பாஷையில் 'ஃபோகஸ்'. பழைய ஆட்களுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில். ரியூசன் சென்டர், கந்தளாய் அரிசி ஆலை, கல்யாண மண்டபம்: தொலைபேசியிலேயே முடிந்தது. கிண்ணியாவில் புடவைக் கடை வைத்திருக்கும் ரஹீம் நானா நேரே வந்துவிட்டார், பெருநாள் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு. எங்களுக்கு முதல் வேலை தந்த மனிதர்.

"அப்ப எங்கட ஹஜ்ஜுப் பெருநாள் விளம்பரம் ஆரு தங்கச்சி செய்யிற?"

வேறு ஆட்களின் இலக்கம் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நாங்க சின்னக் கடை எண்டுதானே?"

"அப்பிடி இல்ல நானா."

அப்படித்தான். கஜன் உள்ளறைக் கதவைத் திறக்கவே இல்லை. அவர் போன பிறகு வந்து மஸ்கட் தின்றான்.

ஏப்ரல் 9, புதன்

முதல் ஹோட்டல். சாம்பல்தீவுப் பக்கம், புதிதாகத் திறக்கிறார்கள். ட்ரோன் படங்கள் வந்தன. கடல் கண்ணாடி. மணலில் வரிசையாக வள்ளங்கள், வலைக் குவியல், மீனவரின் ஓலைக் குடிசை, ஒரு மீன்வாடி. பச்சை வள்ளம் அத்தானுடையது, அக்காவின் புருஷன். மேலேயிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

கஜன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "வள்ளங்களைத் தூக்கு."

"அது அவையின்ர கரை, கஜன். எப்பவும் அங்கதான் கிடக்கும்."

"நாங்கள் மீன் விக்கேல்ல. கரையை விக்கிறம்."

வாக்குவாதம் அவ்வளவுதான். ஒவ்வொன்றாக வளைத்து அழித்தேன். முந்தியென்றால் அரைநாள் வேலை. இப்போது மென்பொருளே மணலை நிரப்பிவிடுகிறது. தேத்தண்ணி ஆறுமுன் கரை வெறுமை. ஹோட்டல்காரருக்குப் படம் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் கைபேசியை நீட்டினார். யாரோ ஹோட்டல் விளம்பரப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

"மச்சாள், இது எங்கட கரை மாதிரியெல்லோ கிடக்கு? ஒரு வள்ளத்தையும் காணேல்ல."

நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் கடலுக்குப் போன நேரம் எடுத்திருக்கினம் போல." அவரே சொல்லி அவரே சிரித்தார்.

"ஓம் போல" என்றேன்.

பஸ்ஸில் மடியில் அக்கா கட்டித்தந்த பலகாரப் பொதி. திறக்க மனமில்லை.

மே 21, புதன்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேசையெல்லாம் தூசி. ஹோட்டல் நிறைந்துவிட்டதாம். கூடவே முறைப்பாடும். வெள்ளைக்காரர் எழுதுகிறார்கள்: படத்தில் இல்லாத வள்ளங்கள், மீன் வாடை, விடியமுன் மோட்டார்ச் சத்தம்.

ஹோட்டல் முகாமையாளர் அலுவலகத்துக்கே வந்தார்.

"முதல் எடுத்த படத்தையே போடுவம்" என்றேன். "வள்ளங்களும் வடிவுதானே."

"படம் நல்லாத்தான் இருக்கு மிஸ். கரையைத்தான் சரிப்படுத்த வேணும்."

கஜன் தலையாட்டினான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் அழைப்பு. அழுகை. வள்ளங்களை வடக்கே கல்லுப் பக்கம் கொண்டுபோகச் சொல்கிறார்களாம் ஹோட்டல்காரர். அங்கே கரைவலை இழுக்க ஏலாது, வலை கிழிந்துபோகும். முகாமையாளர் ஊர்க் கூட்டத்தில் என் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் காட்டியிருக்கிறார்: ஹோட்டல் திறக்கும்போது கரையில் ஒன்றும் இல்லை, வள்ளங்கள் பிறகு வந்தவை.

அத்தான் தொலைபேசியை வாங்கினார். மச்சாள் என்று கூப்பிடவில்லை.

"தர்சினி, அந்தப் படம் உங்கட ஒஃபிஸில செய்ததோ?"

"ஓம்."

"ஆர் செய்தது?"

"நான்தான் அத்தான்."



"முதல் எடுத்த படம் இருக்கோ?"

"இருக்கு."

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டு வாங்கோ." என்னோடு ஒருநாளும் மரியாதைக்கு 'ங்கோ' போட்டுக் கதைக்காதவர்.

ஜூன் 5, வியாழன்

கஜனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கதிரையில் இருந்தபடியே முகத்தைத் துடைத்தான்.

"ஒப்பந்தத்தில கையெழுத்து வச்சிருக்கிறம். வெளிய குடுத்தா ஒரு ஹோட்டலும் எங்களிட்ட வராது. நான் கனடாவுக்குப் போகாம இஞ்சயே ஒண்டைக் கட்டி எழுப்பப் பாத்தனான், தர்சி."

"அவையின்ர பிழைப்புப் போகுது."

"உன்ர அத்தான் எண்டபடியாத்தானே இப்ப நியாயம் கதைக்கிறாய்? வேற ஆரின்ரயும் வள்ளமெண்டா?"

 

படத்தைப் பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வாசிகசாலை மண்டபம், சனம் நிறைய. முடிவு சொல்ல வெளியூரிலிருந்து வந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர். திரையில் படத்தைப் போட்டேன். "அந்தா என்ர வள்ளம்!" என்று பின்னாலிருந்து ஒருவர். கைதட்டல். கொஞ்ச நேரம் நெஞ்சு இலேசானது.

முகாமையாளர் எழும்பினார். வலு மரியாதையாக.

"எங்கட படத்தைச் செய்ததும் இந்த மிஸ்தான். வள்ளத்தை அழிக்கத் தெரிஞ்சவவுக்கு வள்ளம் போடவும் தெரியும்தானே? எதை நம்புறது?"

"இது கமராவிலயிருந்து வந்த கோப்பு. திகதி இருக்கு, பாருங்கோ."

"திகதியையும் மாத்தலாமோ, மிஸ்?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. அக்காவும்.

"மாத்தலாம்" என்றேன்.

உத்தியோகத்தர், "அப்ப ரெண்டு படத்தையும் விட்டிட்டுக் கதைப்பம். எழுத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். வள்ளம் கிடக்கும் கரைக்கு எழுத்து யாரிடம் இருக்கும்?

கல்லுப் பக்கம். அதுதான் முடிவு.

ஜூன் 10, செவ்வாய்

வேலையை விடுகிறேன் என்று கஜனுக்குச் செய்தி. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். அலுமாரியில் என் சாமான்கள்: கோப்பை, சார்ஜர், குடை. எடுத்துக்கொண்டு வரும்போது குடையை மறந்துவிட்டேன். போகட்டும்.

ஜூன் 14, சனி

காற்று பலம். கடல் கலங்கல். யாரும் வரச்சொல்லவில்லை, போனேன். வள்ளங்களை வடக்கே கொண்டுபோகிறார்கள். ஹோட்டல் மதிலோரம் குடையின் கீழே இரண்டு வெள்ளைக்காரர், கைபேசியில் படம் எடுத்தபடி.

அக்கா என்னைக் கண்டும் காணாததுபோல். நான் அத்தானிடம் போனேன்.

"அத்தான், நான்..."

"கதையாத." கயிற்று நுனியை என் பக்கம் எறிந்தார். "பிடிச்சு இழு."