கடைசிப் பக்கத்தில் வைத்த உப்பு

அன்பு மகன் குதைபாவுக்கு,

இர்பிதிலிருந்து உன் உம்மா எழுதுவது. அல்லாஹ் உன் உடம்புக்குச் சுகத்தையும் நெஞ்சுக்கு அமைதியையும் தரட்டும். இங்கே நானும் உன் தங்கை தைமாவும் நலம், என் வலது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, நான் பெற்ற பிள்ளையைப் போல. திபிலிசியில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன், உள்ளுக்குப் போடும் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டியிருப்பாய், எடுத்துப் போடு. உன் அத்தை ரஸ்மிய்யாவின் பேரன் ஸைஃப் மருத்துவப் படிப்புக்குப் புதிதாக அங்கே வருகிறான், அவன் கையில் ஸஅதர் பொடியும் ஒலிவ எண்ணெயும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு சிக்னல் போய்விடுகிறது, காகிதத்துக்கு அந்த நோய் கிடையாது.

நீ இந்த இணையத் தொழிலைத் தொடங்கிய சமயத்தில் இதில் காசு எப்படி வருகிறது என்று நான் ஒரு கேள்வி கேட்டேன், அதற்கு நீ, உம்மா, இது ஒனக்குப் புரியாது, விடு, என்று சொன்னாய். அதை நான் விடவில்லை. ஆறாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் கற்றது, உன் வாப்பா மௌத்தானபின் அவருடைய காரை ஓட்டப் பழகியதும் அப்படித்தான். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே இந்தத் தொழிலைப் பற்றிய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. நீ ஓரிடத்தில் காசு கொடுத்து விளம்பரம் போடுகிறாய், அதை ஒருவர் அமுக்கினால் உன் இணையப் பக்கத்துக்கு வந்து சேர்கிறார், அந்த ஒரு கிளிக்குக்கு நீ கூலி கொடுக்கிறாய். வந்தவர் உன் பக்கத்தில் தொங்கும் வேறு விளம்பரங்களைப் பார்க்கிறார், அமுக்குகிறார், அதற்கு உனக்குக் காசு வருகிறது. கொடுத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் இருக்கும் சந்துதான் உன் சோறு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது. உன் வாப்பா ஆயுள் முழுக்கச் சுற்றுலா பஸ் ஓட்டினார். ஜெரஷ் சாலையில் ஒரு கடை முன்னால் பஸ்ஸை நிறுத்துவார், கழிப்பறை கடையின் பின்கோடியில் இருக்கும், போகிறவர்கள் மண் ஜாடியையும் மொசைக் தட்டையும் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும், ஆள் கணக்குக்குக் கடைக்காரன் உன் வாப்பாவுக்கு ஏதோ கொடுப்பான். நீ பஸ் இல்லாமல் அதையே செய்கிறாய், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் உனக்கு வந்த நஷ்டத்தை என் தலையில் கட்டினாயே, அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. மொராக்கோவில் கிளிக் மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த ஊர்க்காரர்களைக் கூட்டிவர விளம்பரம் போட்டாய். தலைப்புக்கு நல்ல வார்த்தை வேண்டும் என்று என்னைக் கேட்டாய், நான் வாய் நிறைய, அல்லாஹ் உங்களுக்கு ஆஃபியத் தரட்டும், என்று குரல் பதிந்து அனுப்பினேன். நம் ஊரில் ஆஃபியத் என்றால் உடம்புக்குச் சுகம், வேலை செய்கிறவனைப் பார்த்தால் இதைச் சொல்லாமல் கடந்து போவோமா. அந்த ஊரில் ஆஃபியத் என்றால் நெருப்பாம், அது நமக்கு எப்படித் தெரியும். உங்களைக் கொளுத்தட்டும் என்று ஒரு கிழவி சிரித்துக்கொண்டே சாபமிடுவதைக் கேட்க ஆயிரக்கணக்கில் வந்தார்கள், திட்டி எழுதினார்கள், ஒருவரும் எதையும் அமுக்கவில்லை. எங்க ஊட்டு அடுப்புலயே நெருப்பு இருக்கு ஆச்சி, நீ ஒண்ணும் அனுப்ப வேணாம், என்று ஒருவன் எழுதியிருந்ததைத் தைமா படித்துக் காட்டினாள், எனக்கே சிரிப்பு வந்தது. உனக்கு மட்டும் வரவில்லை. ஒன் வாயாலதான் போச்சு என்றாய். ஆள் பிடிக்கப் போகிறவன் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும், அது வாயின் குற்றமில்லை.

சரி, அதோடு நம் ஜனங்கள் பக்கம் திரும்பினாய், என் சமையலைக் கேட்டாய், ஊர் என்னைக் கூப்பிடும் பெயரிலேயே உம்மு குதைபாவின் அடுப்பு என்று பெயர் வைத்தாய். நான் மகிழ்ந்து போனதை மறைக்கமாட்டேன். தயிரில் இறைச்சியை வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றும் மன்ஸஃபை ஒன்று விடாமல் சொன்னேன், முதலில் சொன்னதே, ஜமீதில் உப்பு உண்டு, தயிரைக் கட்டியாய் உலர்த்தும்போதே உப்பு ஏற்றித்தான் உலர்த்துகிறார்கள், ஆகையால் இறைச்சி வேகும்போது ஒரு கல் உப்பும் போடாதே, கடைசியில் ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் போடு, என்பதுதான். நீ என்ன செய்தாய். ஒரு தாளில் அடங்கும் சமையலைத் துண்டு துண்டாக நறுக்கினாய், ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அதைச் சுற்றி விளம்பரம், கீழே அடுத்து என்று ஒரு பொத்தான். உப்புப் போடாதே என்ற வரியைக் கொண்டுபோய்க் கடைசிப் பக்கத்தில் வைத்தாய். தைமா ஒருநாள் எனக்காக அதை அமுக்கிப் பார்த்தாள். அடுத்து என்று இருந்ததை அமுக்கினால் கார் காப்பீட்டுக்காரன் வந்து நிற்கிறான், அதுவும் ஒரு விளம்பரமாம், உன் பொத்தானைப் போலவே பச்சையாக உடுத்தியிருந்தது. அந்தக் காப்பீட்டுக்காரன் தனக்கு ஒரு வாடிக்கை வந்ததென்று எண்ணி எங்கேயோ காசு கொடுத்திருப்பான், வந்ததோ வழுக்கின ஒரு விரல். இதையும் யோசித்துப் பார்.

இப்போது நடந்ததைக் கேள். நம் தெருவுக்குப் பின்தெருவில் ஷுரூக் என்று ஒரு பெண், கல்யாணமாகி வந்து இன்னும் கையில் மருதாணி மங்கவில்லை. மாமனார் வீட்டு ஆட்களுக்கு முதன்முதலாக மன்ஸஃப் ஆக்கும் நாள், உன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆக்கியிருக்கிறாள். இறைச்சி வேகும் இடம் வரை வந்தாள், பிறகு ஏதோ விளம்பரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டாள், விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்துவிட்டு, எல்லா இறைச்சிக்கும் போடுவதைப் போல உப்பைப் போட்டுவிட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், உப்பு மிஞ்சிய பண்டத்தைக் குப்பையும் வாங்காது. தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் நிற்க, மாமனார் ஓர் உருண்டையை வாயில் போட்டுவிட்டுத் தண்ணீரை எடுத்தாராம். மாமியார், யாருடி ஒனக்குச் சமைக்கக் கத்துக்குடுத்தது, என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை போனைத் தூக்கிக் காட்டி, உம்மு குதைபா, என்று சொல்லியிருக்கிறது.

இதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது உன் அத்தை ரஸ்மிய்யா, அவளைவிட்டால் யார். உட்காருவதற்கு முன்பே, ஏம்மா உம்மு குதைபா, ஒன் மன்ஸஃபுல சாக்கடலையே கரைச்சு ஊத்திட்டியாமே, வெள்ளைக்காரன் வந்து முதுக வெச்சு மெதந்துட்டுப் போவான்போல, என்றாள். நான் காபியைக் கூட முழுதாக ஊற்றவில்லை. அதற்குப் பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. மேல்தெரு வீட்டில் பெண் கேட்டுப் பெரியவர்கள் வரும் விருந்துக்கு நான்தான் அடுப்படியில் நிற்பதாகப் பேச்சு, அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேறொருத்தியைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த ஊரில் எனக்கு வீடு வாசல் பெரிதாக இல்லை, படிப்பு இல்லை, உன் வாப்பா விட்டுப்போனது அந்தக் காரும் ஒரு நல்ல பெயரும், எனக்கென்று நான் சேர்த்தது அடுப்படியில் சேர்த்த பெயர் மட்டும்தான். அது போய்க்கொண்டிருக்கிறது.

அன்று போனில் உன்னிடம் இதைச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே உப்பை வெச்சா படிச்சிட்டுப் போயிடுவாங்க உம்மா, அப்புறம் கூட்டியாந்த கூலிக்கே கட்டாது, வாப்பா செஞ்சதத்தானே நானும் செய்யறேன், என்றாய். அந்த வார்த்தையோடு நான் போனை வைத்துவிட்டேன், உனக்கு ஜெயித்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். இத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் வாப்பா கடை வழியாகத்தான் ஆட்களை நடத்தினார், உண்மை. நடந்து முடித்தவர்களுக்குப் பின்கோடியில் கழிப்பறை இருந்தது, திறந்திருந்தது, சுத்தமாக இருந்தது, ஒருமுறை கடைக்காரன் அதைப் பூட்டிவைத்தான் என்று அந்தக் கடைக்கே பஸ்ஸை விடாமல் நிறுத்தினார். நீ வழியை நீளமாக்கியதோடு கதவிலும் தாழ் போட்டுவிட்டாய். சந்தில் பிழைப்பது பாவமில்லை மகனே, உலகத்தில் பாதிப்பேர் ஏதோ ஒரு சந்தில்தான் பிழைக்கிறார்கள். அவசரத்தில் வருகிறவளின் அவசரத்தையே விற்பதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நாம் போனில் பேசிய மறுநாள் நல்ல ஜமீதாக ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு ஷுரூக்கின் மாமியார் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன், இந்தப் புள்ள மேல தப்பில்ல, உப்புப் போடாதேன்னு நான் சொன்னதை எம் மவன் ஒளிச்சு வெச்சிட்டான், அவன் பேரு குதைபா, என்று. உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ கோபப்படலாம், படு. ஒரு புதுப்பெண் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் உப்புக்காரி என்று பெயர் வாங்குவதைவிட உன் கோபம் எனக்குப் பெரிதில்லை. அதற்கு அந்த மாமியார், வாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவம் பேரத் தனியா வேற சொல்லணுமாக்கும், ஒங்க பேரே அதானே, என்றாள்.

வீடு திரும்பும்வரை அது என் கூடவே நடந்து வந்தது. நீ பிறந்த அன்றைக்கு என் பெயரை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள், அன்றிலிருந்து இந்த ஊருக்கு நான் குதைபாவின் உம்மா, உம்மு குதைபா. நீ கண்காணாத ஊரில் இருக்கிறாய், உன் பெயரை இங்கே தினமும் சொல்ல வைப்பது நான் ஒருத்திதான். உம்மு குதைபா உப்பை ஒளிக்கிறாள் என்று ஒருத்தி சொல்லும்போது அதில் பாதிக்கு மேல் உன் பெயர் இருக்கிறது. என் பெயரை விற்றாய் என்று இத்தனை நாள் உன்மேல் பொருமிக்கொண்டிருந்தேன், நீ விற்றுக்கொண்டிருந்தது உன்னுடையதையே.

ரமலான் வருகிறது, விளம்பரத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் மாதம், கதாயிஃப் பலகாரம் செய்வதை உடனே அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். சேமிப்பையெல்லாம் இதில் போட்டிருக்கிறாய் என்பதும், நீ கூலியை இன்றைக்கே கொடுக்கிறாய், உனக்கு வரவேண்டியது அடுத்த மாதக் கடைசியில் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், அந்த இடைப்பட்ட நாட்களில்தான் இந்தத் தொழிலில் தொடங்கியவர்கள் மூழ்குகிறார்கள். ஆகையால் கையில் வாடகைக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு மீதியில் கொஞ்சமாகப் போட்டுப் பார், எந்த விளம்பரம் ஆளைக் கூட்டி வருகிறது என்று தினமும் பார், வெறுங்கையாகத் திரும்புவதை அன்றே நிறுத்து. அந்தப் பச்சைப் பொத்தான் தந்திரத்தை எடுத்துவிடு, விளம்பரக் கம்பெனிக்காரன் கண்டால் கணக்கையே மூடுவான், வரவேண்டியதும் வராது. கதாயிஃப் முழுவதையும் இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன், எதையும் ஒளிக்கவில்லை. மாவு ஊற்றினால் ஒரு பக்கம்தான் சுட வேண்டும், திருப்பிப் போட்டால் மடிக்கும்போது ஓரம் ஒட்டாது, பொரிக்கையில் உள்ளே வைத்த வால்நட் எல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும். நீயும் அதை ஒரே பக்கத்தில் போடு, திருப்பாதே. அதன் கீழே எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் தொங்கவிடு, நான் கேட்கமாட்டேன். இதில் உனக்குக் கட்டாமல் போகலாம், அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன், நறுக்கித்தான் போடுவேன் என்றால் போட்டுக்கொள், உலகத்தில் எத்தனையோ உம்மு இருக்கிறார்கள், வேறு பெயர் வைத்துக்கொள். இதில் நான் இறங்கி வரமாட்டேன், உன் வாப்பாவைக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், அவள் இறங்கமாட்டாள் என்று.

வேளைக்குச் சாப்பிடு, ஃபஜ்ர் தொழுகையை விடாதே, ஸைஃபுக்கு அந்த ஊர்ப் பேருந்து ஏறத் தெரியாது, விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொள். அல்லாஹ் உன் கையில் பரகத்தையும், உன்னைத் தேடி வருகிறவர்களுக்கு உன்னால் ஒரு நன்மையையும் தரட்டும். தைமா ஸலாம் சொல்கிறாள். எண்ணெய்ப் பாட்டிலை நிமிர்த்தி வை, மூடி கொஞ்சம் இளக்கம்.

உன் பெயரை என் பெயரோடு சேர்த்து எழுதுவது உன் இணையப் பக்கம் சரியான பிறகு. இப்போதைக்கு என்னுடையது மட்டும்.

இன்திஸார்