பின் இடது சக்கரம்

2008 மார்ச் 3, திங்கள்

கடை திறந்து பதினொரு மணி வரை யாரும் வரவில்லை. பிறகு இத்ரூஸ் முதலாளியின் லொறி வந்து நின்றது. பத்து நாளில் எனக்கு வந்த முதல் வண்டி.

பழைய ஜப்பான் லொறி, தொண்ணூற்று மூன்றாம் வருடத்தது. ஓட்டுவது பழனிமுத்து. டாஷ்போர்டில் மஞ்சள் லைட் ஒன்று அணையாமல் எரிகிறது என்றான். ஏபிஎஸ் லைட். பிரேக் அடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பில் எங்கோ பிழை. இந்த வயது லொறியில் அது இருப்பதே அபூர்வம்.

முதலாளி போனில் பேசினார். "அது சும்மா எரியிது நோபர்ட். பல்ப கழட்டி உட்டுடுங்க. பிரேக் நல்லா புடிக்கிதுதானே?"

கழற்ற மாட்டேன் என்றேன். சிரித்தார். "சரி சரி, பாருங்க."

பக்கத்துக் கராஜில் முதியான்சே பாஸ் ஒரு வேனுக்குக் கீழே படுத்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் சிங்கள மெக்கானிக், கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம்; நான் எலக்ட்ரீஷியன். பதினான்கு வருடமாக ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். இப்போது அந்தப் பலகை எவ்வளவு தடிப்பாகிவிட்டது!

மார்ச் 4, செவ்வாய்

டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன பிளக் இருக்கிறது. அதன் இரண்டு பின்களைத் துண்டு வயரால் சேர்த்துச் சாவியைத் திருப்பினால், லைட் விட்டுவிட்டு எரிந்து பிழை எங்கே என்று சொல்லும். எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

நான் வயரைக் கையில் எடுத்ததும் பழனிமுத்துவுக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணே, கதவ சாத்திக்கங்க. ரோட்டுல ஆமிக்காரங்க நிக்கிறாங்க."

சாத்தவில்லை. சாத்தினால்தான் சந்தேகம்.

மூன்று மின்னல், ஓர் இடைவெளி, பிறகு நான்கு. பழைய போட்டோகொப்பித் தாளில் பார்த்தேன். பின் இடது சக்கரத்து சென்சர்.

எண்ணிக்கொண்டிருந்தபோதும் என் ஒரு கண் வாசலில்தான் இருந்தது. போன மாதம் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு பொலிஸ்காரர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயர், பெட்டரி, பழைய டைமர் என்று கடையில் இருந்த எல்லாவற்றையும் சாக்கில் போட்டு எடுத்தார்கள். அவர்களுக்கு அவையெல்லாம் ஒரு தமிழன் வைத்திருக்கக் கூடாத சாமான்களாகத் தெரிந்தன. இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் முதியான்சே பாஸ் சொன்னதை எழுதி வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "அவர் உள்ளே என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது."

தெரியாதாம். பதினாலு வருசம் ஒண்ணா வேல செஞ்சிட்டு, தெரியாதாம்!

மார்ச் 5, புதன்

பின் சக்கரங்களை ஜெக்கில் தூக்கிக் கையால் சுற்றிக்கொண்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் சரி. இடது பக்கம் ஊசி ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. சென்சரைக் கழற்றினேன். அதன் மூக்கில் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து, வயரை முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்து, திரும்பப் பூட்டினேன்.

லைட் அணைந்தது. பழனிமுத்து கைதட்டினான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். மனைவி டொறீன் இறந்து மூன்று வருடமாகியும் வாங்குப் பலகையில் அவள் பக்கம் இடம் விட்டே உட்காருகிறேன். இப்போது மற்றப் பக்கத்திலும் ஆட்கள் இடம் விட்டு உட்காருகிறார்கள்.

மார்ச் 12, புதன்

லைட் திரும்ப எரிகிறதாம். முதலாளி எரிச்சலாகப் பேசினார். "நான் அன்னக்கே சொன்னேன், பல்ப கழட்டுங்கண்டு."

எனக்கும் அலுப்பாக இருந்தது. கழற்றிக் கொடுத்தால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது?

எப்போது எரிகிறது என்று பழனிமுத்துவிடம் கேட்டேன். "சும்மா ஓடயில இல்லண்ணே. பாரம் ஏத்திக்கிட்டு எறங்கையிலதான்."

அப்படியானால் இரும்புத் தூள் எங்கிருந்து வந்தது? அன்றைக்கே இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். துடைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். முட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

பழனிமுத்துவோடு இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்துக்குப் போய், தேயிலை ஏற்றிய லொறியில் மலை இறங்கினேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். என் அடையாள அட்டையை மட்டும் இரண்டு தரம் பார்த்தார்கள்.

என் கண் முழுக்க டாஷ்போர்டில்தான். இடது வளைவுகளில் ஒன்றுமில்லை. வலது வளைவில் பாரம் இடது பக்கம் சாயும்போது லைட் பளிச்சென்று எரிந்தது. அடுத்த வலது வளைவிலும் அப்படியே.

"நிப்பாட்டு" என்றேன்.

"இங்கயா அண்ணே? பள்ளம்."

"நிப்பாட்டுடா!"

இறங்கி இடது பின் சக்கரத்தைத் தொட்டேன். சக்கரத்தின் நடுக் குடமான ஹப் சுட்டது. கை வைக்க முடியவில்லை.

பிழை சென்சரில் இல்லை. சக்கரமே அச்சில் ஆடுகிறது. ஆடும்போது சென்சருக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி விரிகிறது, லைட் எரிகிறது. அது பொய் சொல்லவில்லை. இன்னும் எத்தனை நடை போயிருக்கும் இந்தச் சக்கரம்? பழனிமுத்துவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

பாரத்தை வேறு லொறிக்கு மாற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தோம். ஹப்பைத் திறக்கிற சாமானும் பலமும் என்னிடம் இல்லை. முதியான்சே பாஸிடம்தான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

காலையில் பலகைச் சுவரைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு. சிங்களத்தில், "இத்ரூஸின் லொறி, பின் இடது ஹப், திறக்க வேண்டும்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இரட்டைச் சக்கரத்தை இறக்கி டிரம்மைக் கழற்ற இரண்டு மணி நேரம் ஆனது. சக்கரத்தைச் சுழலவிடுகிற பெயரிங் சூட்டில் நீலம் பாய்ந்து, தேய்ந்து கிடந்தது; இரும்புத் தூள் அதிலிருந்துதான். ஹப் நட் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அது சுழன்றுவிடாமல் பிடிக்கிற வாஷரின் காதை மடக்க வேண்டும். மடக்கவில்லை. புது வாஷர் மாதிரி நேராக இருந்தது.

டிசம்பரில் எண்ணெய் சீல் மாற்றுவதற்கு இந்த ஹப்பைத் திறந்தவர் அவர்தான். பக்கத்தில் நின்று லைட் பிடித்தவன் நான்.

அவர் வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இப்போ சொல்லுங்க பாஸ், உள்ள என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்காவது தெரியுமா? வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது முதலாளி வந்தார். "என்னா பிழ?"

"பெயரிங் தேஞ்சிருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பாஸைக் காப்பாற்றவா, இல்லை, அவரை எனக்குக் கடமைப்பட்டவராக்கவா?

முதியான்சே பாஸ் எழுந்து நின்றார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "இல்ல முதலாளி. நான் செஞ்ச பிழ. வாஷர் மடிக்க இல்ல."

முதலாளி கத்தினார். கத்த வேண்டியதுதான். ஒரு மனிதன் செத்திருப்பான். பாஸ் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

புது பெயரிங் போட்டாயிற்று. பாஸ் வாஷரின் காதை மடக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தொட்டுப் பார்த்தோம்.

பழனிமுத்து பாரத்தோடு மலை இறங்கி வந்து ஹோர்ன் அடித்தான். லைட் எரியவில்லை.

அவன் போன பிறகு பாஸ் தண்ணீர்க் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் கேட்கவில்லை. அவராகவே சிங்களத்தில் சொன்னார்.

"அன்றைக்குப் பயந்துவிட்டேன், நோபர்ட். மகன் ஆமியில், மன்னார் பக்கம் சண்டையில் இருக்கிறான். ஆறு கிழமையாகப் போன் இல்லை. அந்த நேரம் உங்களுக்காகப் பேசினால் அவனுக்கு ஏதும் ஆகிவிடும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குழாயை மூடினேன்.

"போன் வந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை."

மார்ச் 21, வெள்ளி

பெரிய வெள்ளி. பௌர்ணமியும் இன்றுதான். அவர் பௌத்த பன்சலைக்கு, நான் மாதா கோயிலுக்கு. இரண்டு கடையும் பூட்டு.

ஏப்ரல் 2, புதன்

மகனிடமிருந்து போன் வந்ததாம். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னார். "நல்லது பாஸ்" என்றேன். நான் பலகையைச் சுற்றிப் போகவில்லை.

ஏப்ரல் 16, புதன்

சிங்கள-தமிழ் வருடப் பிறப்பு முடிந்து திறந்தேன். வண்டி இல்லை. தனியாகத் தேநீர் குடித்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது முதியான்சே பாஸ் என் கடை வாசலில் சைக்கிளோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. வெற்றிலை கொடுத்தார். மகளுக்கு மே எட்டாம் தேதி கல்யாணம், வீட்டில்.

"பந்தலுக்கும் வீட்டுக்கும் லைட் போட வேண்டும். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை."

அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து நிறைகிற வீடு. அங்கே என் கையால் வயர் இழுப்பதா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.

"கேட்டாகிவிட்டது. சிலர் சொன்னார்கள்தான்."

நான் ஹோல்டர்களை எண்ணி எடுத்தேன். வயர்ச் சுருளை எடுக்கப் போனபோது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதோடு நீங்கள் ரோட்டில் வர வேண்டாம். நான் கொண்டுபோகிறேன். நாளைக்கு நீங்கள் கையை வீசிக்கொண்டு வாங்க."

கரியரில் கட்டிக்கொண்டு மிதித்தார். ரோட்டு முனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சிப்பாய் சுருளை அவிழ்த்துத் தரையில் போட்டான். பாஸ் என் கடைப் பக்கம் கை நீட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் திரும்பி என்னைப் பார்த்தான். நான் உள்ளே போகவில்லை.

அவர் குனிந்து வயரைத் திரும்பச் சுருட்டினார், அவசரப்படாமல், நான் சுருட்டுவது போலவே. பிறகு விட்டார்கள்.

கல்யாணத்துக்கு என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துப் போட வேண்டும்.