போட்டுப் பார்க்காத கம்மல்

ஜூன் 3, செவ்வாய்
அத்தை இன்று என் கம்மல் மணிகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார். நிறம், அளவு பார்த்துத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தவை. மேஜையைத் துடைத்தாராம். மாமியார் ஆயிற்றே, அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஜெபத்தில் என் பெயர் வரும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

கம்மல் போடுவது பாவம், சரி. செய்வதுமா? ஜோனத்தானிடம் கேட்டேன். என் கணவருக்கு எதற்கும் ஒரே பதில்தான். "எனக்கு எதுக்கு இந்த பேஜாரு."

ஜூன் 5
மணி பிரித்தே பகல் போயிற்று. நாசமாய்ப் போக என்று எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஜூன் 14, சனி
என்னிடம் வாங்குகிற நிஷா கேட்ட கம்மல்கள் முடிந்தன. அஸ்தினாபுரத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம்; பெண் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி. கம்பியை வளைத்து ஒரு கொக்கி, அதிலிருந்து தொங்கும் கம்பிகளில் பச்சைக் கண்ணாடி மணி. ஜன்னலில் மாட்டிப் பார்த்தேன். வெயில் பட்டதும் அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஜன்னலில்தான் மாட்ட முடியும். ஜோனத்தான் வீட்டார் போகும் சபையில் நகை கிடையாது. கல்யாணத்துக்கு முன் இங்கே ஞானஸ்நானம் எடுத்தபோது எல்லாவற்றையும் கழற்றினேன். காது தூர்ந்துவிட்டது. தாலியும் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கம்மல்தான்.

ஜூன் 23, திங்கள்
நிஷா போன் செய்தாள். அவள் பெரியம்மாவுக்குக் காது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கல்யாணப் பெண் கனம் தாங்காமல் மேடையிலேயே கழற்றிவிட்டாளாம். "அக்கா, நீங்க ஒரு தடவையாவது போட்டுப் பாத்தீங்களா?"

என்ன சொல்வது? கொக்கி நுனியை விரலால்தான் தடவிப் பார்த்தேன். விரலுக்குத் தெரியாத பிசிறு காதை அறுத்திருக்கிறது. உள்ளங்கையில் ஒன்றுமே இல்லாத கனம் காதில் இழுத்திருக்கிறது. தாம்பரம் முழுக்கத் தேடினாலும் போட்டுப் பார்க்காமல் கம்மல் செய்கிற முட்டாள் என்னைத் தவிர வேறொருத்தி இருக்க மாட்டாள்.

அத்தை கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். முகத்தில் சந்தோஷம் அடங்கவில்லை. கர்த்தர் காட்டிவிட்டாராம். கர்த்தரா கம்பியை வெட்டினார்? என் கொக்கி. என் தப்பு. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

ஜூன் 28, சனி
குரோம்பேட்டையில் ஒரு நகைக்கடையில் காது குத்திக்கொண்டேன். "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டார் ஆசாரி. வலியில் உயிர் போயிற்று. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நிம்மதி.

ஜூலை 6, ஞாயிறு
திருவிருந்து. சபையார் எல்லோரும் ஒரே அப்பத்தைப் பிட்டு உண்ணும் நாள். அப்பத் தட்டு பெண்கள் வரிசையில் கைமாறி வந்தது. என் முறை வந்தபோது அத்தை என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, அடுத்தவளிடம் கொடுத்துவிட்டார். சபையே பார்த்தது. ஆண்கள் பக்கம் திரும்பினேன். ஜோனத்தான் கண்ணை இறுக்க மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். நடிப்பு.

வீட்டுக்கு வந்ததும், "கழட்டிடு ஜெரூஷா. பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றார்.

"இப்ப கழட்டினா தூந்துடுங்க."

"தூரட்டுமே."

தூரட்டுமே — எவ்வளவு சுலபமாக வருகிறது. அவர் காதா?

அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். "காதுல அது கெடக்கிற வரைக்கும் இந்த வூட்டு அடுப்ப நீ தொடாத."

ஜூலை 7
தொடவில்லை. கடை இட்லி வாங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத் தின்றேன்.

ஜூலை 19, சனி
பம்மலில் ஓர் அறை, எனக்கு மட்டும். கீழே தோல் பை தைக்கும் பட்டறை. பகலெல்லாம் மிஷின் சத்தம். இருக்கட்டும். மணிகள் வைத்த இடத்தில் இருக்கின்றன.

எந்த மாதிரி செய்தாலும் முதல் ஜோடி எனக்கு. காலையில் போட்டால் சாயங்காலம்தான் கழற்றி, காது தூராமலிருக்கக் கடையில் குத்திய கம்மலை மாட்டுவேன். நேற்றுப் போட்டது காதைப் பிடுங்கியது, பிரித்துப் போட்டேன். நிஷாவின் பெரியம்மாவுக்குக் கனமில்லாமல் ஒன்று அனுப்பினேன். திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டாராம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
ஜோனத்தான் வந்தார். அம்மாவிடம் சொல்லாமல் வந்தேன் என்றார், என்னவோ சாதித்துவிட்ட மாதிரி. எரிச்சலாக வந்தது. இருப்பது ஒரே நாற்காலி. அதிலிருந்த மணித்தட்டை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

"எப்ப வர?"

"கம்மலோட வரலாமா?"

ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது, அது வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வி. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். குடித்தார். டம்ளரைத் தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.