உறையும் கணினிக்கு ஒரு வசவுப் பதிவு

மூவுலகையும் முறைத்தே ஆளும் என் மகாராணிக்கு, உன் அடிமை நலம். முழங்கால் வலி குறைந்ததா?

வீடியோவில் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்காததற்குக் காரணம் என் லினக்ஸ் கணினிதான். உனக்காகக் காத்திருக்கும்போதே சிலையாக உறைந்துவிடுகிறது. மெமரியை மாற்றினேன், அது தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளைப் படித்தே எனக்கு நூறு வயதாகிவிட்டது.

இங்கே என் அறைத்தோழரான எலெக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். "அண்ணே, வேலை கொடுத்தா நல்லா ஓடுது. சும்மா விட்டாதான் நின்னுடுது. ஏதாவது பாட விடுங்க."

நீ முன்பு அனுப்பிய நான்கு நிமிட வசவுக் குரல்பதிவை அதில் ஓயாமல் ஓடவிட்டேன். மூன்று நாளாக உறையவே இல்லை. "அண்ணிக்குப் பயந்துருச்சு" என்கிறார் அவர்.

அந்தப் பதிவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. புதிதாக, நீளமாகத் திட்டி அனுப்பு. கோபம் வராவிட்டால், இன்று என்ன சமைத்தாய் என்று சொன்னாலும் போதும். கணினிக்காகத்தான் கேட்கிறேன். கம்பெனி வண்டி வந்துவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன்.

உன்னவன்