இரும்பு ஊறுமா

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும், உன் தலையில் நான் கட்டிவிட்டு வந்த உன் அப்பாவும் சௌக்கியம்தானே. என் சௌக்கியத்தைப் பிறகு சொல்கிறேன். மழையில் டவர் போனதிலிருந்து போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் பயன்படுகிறது, அதனால் ரொட்டி வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்து டவுனில் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். அப்பாவுக்கு முதல் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டு. அவருக்குப் பிரஷர் ஏறினால் நீதான் அல்லாட வேண்டும்.

முதல் பக்கத்துச் சேதி இதுதான். ரிட்டயர் ஆன பிறகு இவளுக்கு எதற்கு வெளிநாட்டு வாத்தியார் வேலை என்று கேட்டவர்களிடம் எல்லாம் நான் ஜோராக இருக்கிறேன் என்று சொல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். தகரக் கூரையில் அது கொட்டும்போது நான் கத்துவது எனக்கே கேட்காது, போர்டில் கணக்கை எழுதுவேன், பிள்ளைகள் விரலால் விடை காட்டுவார்கள். அதற்கும் சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதாது, டப்பாவை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். துவைத்த புடவை காய்வதே இல்லை, செருப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. உன் அப்பா வந்திருந்தால் உட்கார்ந்த இடத்தில் அவருக்கும் பிடித்திருக்கும். வகுப்பில் எல்லாம் பொடிசுகள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழாத பிள்ளை உலகத்தில் எங்கேயும் கிடையாது போலிருக்கிறது.

இனி நீ மட்டும் படி. இந்தப் பள்ளிக்கூடம் ஒரு செம்மண் சரிவில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று கட்டியது. என் வகுப்பு கீழ் வரிசையில் கடைசி, ஜன்னலுக்கு வெளியே சரிவு இறங்கி ஓடையில் முடிகிறது. நான் வந்த புதிதிலேயே வகுப்புக் கதவு தரையில் உரசி மூடவில்லை. பிரின்சிபாலிடம் சொன்னேன். இங்க மரம்னா மழைக்கு ஊறத்தான் செய்யும் டீச்சர், போகப்போகப் பழகிடும் என்று சிரித்துவிட்டுத் தச்சரை அனுப்பினார். தச்சர் அதிகம் பேசாத மனிதர், அவர் மகள் என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிறவள். கதவின் அடியை இழைத்துவிட்டுப் போனார், நன்றாக மூடியது. அடுத்த வாரம் மறுபடி உரசல், மறுபடி இழைப்பு. பிறகு பக்கத்து வகுப்புக் கதவு, அதற்கப்புறம் ஸ்டோர் ரூம் கதவு. இப்படியே இழைத்தால் கதவு ஜன்னலாகிவிடும் என்று நான்கூடக் கேலி பேசினேன். மேசையில் வைத்த சாக்பீஸ் எப்போதும் ஓடைப் பக்கமாகவே உருண்டு விழுவதையும் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட்டாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஜன்னல் மூடவில்லை. அது இரும்பு ஜன்னல், குட்டிம்மா. தச்சரைக் கூப்பிட்டேன். ஜன்னலை இழுத்துப் பார்த்தார், சுவர் மூலையில் புதிதாக ஓடியிருந்த விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார், இது என் வேலை இல்ல டீச்சர் என்று சொல்லிச் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் மகள் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று வீட்டுக்கே போனேன். அவள் வாசலில் கயிறு குதித்துக்கொண்டிருக்கிறாள். தச்சர் என் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிலம் நகர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு தன் பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நீ கட்டடம் கட்டுகிறவள், இரும்பு ஊறாது என்று உன் ஆபீஸ் தாளில் சீல் குத்தி பிரின்சிபாலுக்கு நேராக எழுது. நான் சொன்னால் புது இடத்து மிரட்சி என்கிறார். பரீட்சை முடியட்டும், லீவில் ஆளை வரவழைத்துக் காட்டலாம் என்கிறார். பிள்ளைகளை மைதானத்து ஓரத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தேன், நனைகிறார்கள் என்று பெற்றவர்களே சண்டைக்கு வந்துவிட்டார்கள். நேற்று பிரின்சிபால் கூப்பிட்டு, உங்க பிரச்சினைய தீத்துட்டேன் டீச்சர் என்றார். போய்ப் பார்த்தால் கீழ் வரிசைக் கதவு அத்தனையையும் கழற்றி வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்கள். கதவே இல்லன்னா எப்படி உரசும் என்று அவருக்குப் பெருமை வேறு. கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் எனக்கு அழுகையே வந்தது. இன்றிலிருந்து உள்ளேதான் வகுப்பு நடத்த வேண்டும் என்று உத்தரவு.

உடனே கிளம்பி வா என்று நீ குதிப்பாய். நான் வந்துவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தியை உட்கார வைப்பார்கள், அவளும் மரம் ஊறுகிறது என்றுதான் நினைப்பாள். நீயும் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து நிற்காதே, பேரனை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வரவே வராதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, என் சௌக்கியம் அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பழக்கியிருக்கிறேன். டஸ்டரால் மேசையைத் தட்டினால் பை, நோட்டு, செருப்பு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேலே மைதானத்துக்கு ஓட வேண்டும். பெஞ்சுகளை வாசல் பக்கம் நெருக்கிப் போட்டுவிட்டு என் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டேன். நன்றாகவே ஓடுகிறார்கள். இருப்பதிலேயே பொடிசு ஒருத்தி மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் வருகிற பிள்ளைகள் அவள்மேல் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஏண்டி நிக்கறே என்று அதட்டினேன். நீங்க வரலையேன்னு பாத்தேன் டீச்சர் என்கிறாள். கடைசியாக வருகிறவள்தான் டீச்சர், நீ திரும்பாமல் ஓடு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், தலையை ஆட்டுகிறாள், அடுத்த தடவையும் நின்று பார்க்கிறாள்.

வேன் ஹார்ன் அடிக்கிறது. பேரனுக்கு ஊசி போடுவதைத் தள்ளிப்போடாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். இது கிடைத்த அன்றே அந்தக் கடிதத்தை எழுது. இது உன்னிடம் வந்து, உன் பதில் இங்கே வந்து சேர எத்தனை நாளாகும் என்று, கணக்கு டீச்சராக இருந்தும், நான் கணக்குப் போடவில்லை.

உன்மேல் உயிராக இருக்கும்
அம்மா