ரோஷ்னியைக் கூட்டிப்போக வந்தேன்

அக்கா,

மழை விட்டு இன்றைக்குத்தான் பிள்ளைகள் தூங்கும் தாழம்பாய்களை வெயிலில் போட்டேன். மூத்திரமும் பினாயிலும் கலந்த அந்த வாடை எழுந்ததும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். மல்லிகை, சந்தனம் என்று எத்தனையோ இருக்க, இந்த நாற்றத்தில்தானா உங்கள் நினைவு வரவேண்டும்! கேட்டால் நீங்களே சிரித்திருப்பீர்கள்.

இந்தத் தீவில், நமாகாவில் இதே குழந்தைகள் காப்பகத்தில், இதே அறையில்தான் நாம் இருவரும் வேலை பார்த்தோம். முக்கால்வாசிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விமான நிலையத்திலோ ஹோட்டலிலோ வேலை. அவர்களோடு ஹிந்தி, பிள்ளைகளோடு இங்கிலீஷ், அலுத்துக்கொள்ள மட்டும் தமிழ். தமிழில் திட்டினால் இங்கே யாருக்கும் புரியாது என்பது நமக்கு எவ்வளவு பெரிய சௌகரியம்!

அப்போதுதான் ரோஷ்னி என் வீட்டுக்கு வந்தாள். ஆறு வயது. பேச்சு கிடையாது, கடிப்பாள், ராத்திரி தூங்கமாட்டாள். பெற்றவர்கள் கனடா போகும்போது, மருத்துவச் சோதனையில் இவள் தேறமாட்டாள் என்று சித்தியிடம் விட்டுப்போனார்கள். பிறகு சித்திக்கும் விசா வந்தது. பிள்ளைகளோடு பழகியவள் என்று வெல்ஃபேர்காரர்கள் என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பெயர்தான் எனக்கு வினை. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குப் பொறுமையை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், இவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவளையும் காப்பகத்துக்கே கூட்டிவந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு பிள்ளையாகக் கிளம்பத் தொடங்கியதும் இவள் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்லிமென்ட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்களே, அன்றைக்கு எல்லாப் பெற்றோரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஓடிவந்தார்கள். செருப்பைக்கூட மாட்டவிடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறை காலி. ரோஷ்னியின் நெற்றியில் ரத்தம். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். "என்னால முடியலக்கா. வெல்ஃபேர்லயே திருப்பிக் குடுத்திடறேன்" என்றேன்.

நீங்கள் அவளை என்னிடமிருந்து வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டீர்கள். "எல்லாப் பிள்ளைக்கும் ஆளு வருது. இதுக்கு யாரு வந்தா? நீ காலையிலேருந்து இங்கயே நிக்கிறே, நீ டீச்சரு. ஏப்ரனக் கழட்டு. கேட்டத் தாண்டிப் போயி, அம்மாவா உள்ள வா."

ஊரே கலங்கிக் கிடக்கும்போது இது என்ன கூத்து என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனேன். ரோட்டில் கடைகளை அவசர அவசரமாக மூடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து வாசலில் நின்று, "ரோஷ்னியைக் கூட்டிப்போக வந்தேன்" என்றேன். வெட்கமாக இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மற்ற அம்மாக்களிடம் சொல்வதுபோலவே, நன்றாக விளையாடினாள், கொஞ்சம் அழுதாள் என்று ஹிந்தியில் சொல்லி அவள் பையை நீட்டினீர்கள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கு முன் அப்படி என்னை அவள் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் வெளியே போய் உள்ளே வந்தேன், மழையிலும் காய்ச்சலிலும்.

அதற்குப் பிறகு நம்மவர்கள் பயந்து வெளிநாடுகளுக்குக் கிளம்ப, ஊர் காலியாகத் தொடங்கியது. ஆக்லாந்திலிருந்து என் தம்பி என்னை அழைத்தான். ரோஷ்னியைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. உங்கள் மகன் உங்களைப் பிரிஸ்பேனுக்குக் கூப்பிட்டான். "நா போறேன், நீ இருன்னு சொல்ல எனக்கு வாயில்லடி. நீயும் போயிடு. யாரும் ஒன்னத் தப்பா பேசமாட்டாங்க" என்றீர்கள். நான் போகவில்லை. பெரிய தியாகம் என்று யாரோ சொன்னபோது சிரிப்புதான் வந்தது. ஐந்து மணிக்கு அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். நீங்கள் போனதில் எனக்குக் கோபம் இருந்தது அக்கா. உள்ளே நின்று பையை நீட்ட உங்களைப்போல யாரும் அகப்படவில்லை.

ரோஷ்னி இப்போது என்னைவிட உயரம். பாய்களைச் சுருட்டி வைப்பாள். இன்னும் பேச்சு இல்லை, தூக்கமும் இல்லை. எனக்கு முழங்கால் போய்விட்டது.

போன மாதம் உங்கள் மகன் போன் செய்தபோது பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். நீங்கள் இல்லை என்ற செய்தியைக் கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. நான் வெளியே போய்வரும் நேரம் தாண்டிவிட்டது. சுவரில் மோதப்போகிறாள் என்று தெரிந்தும் கால் வரவில்லை. ரோஷ்னி செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, ரோட்டுக்குப் போனாள். எனக்கு உயிரே போய்விட்டது. கத்துவதற்குள் திரும்பி உள்ளே வந்தாள். என் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள்.

அலுப்பு தீரவில்லை அக்கா. எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கவலையும் தீரவில்லை. ஆனால் அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்?