மூலையில் நகராத வெளிச்சம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா, தம்பி, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று எழுது, மனசு எப்படி என்று நீ எழுதாமலே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பாதியில் போனை வைத்தவள்தான், மூன்று நாளாக எடுக்கவே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடிதத்தில் என்னை யாரும் பாதியில் நிறுத்த முடியாது. தம்பி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவான். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன், படிப்பான், கழுதை. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் தேவலாம், வாய்தான் சும்மா இல்லை. பஸ் டிப்போவில் கண்டக்டர், மெக்கானிக் ஒருவர் விடாமல் பிடித்து, என் பொண்ணு உலகத்தோட முதல் வெளிச்சத்தையே புடிச்சிட்டா, வெள்ளிக்கிழமை அறிவிக்கப் போறாங்க என்று சொல்லி வைத்திருக்கிறார். 

நீ விளக்கியது எனக்கு மறக்கவில்லை. ஆதியில் இருந்த விண்மீன் கூட்டங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல், அதனால் தனித்தனியாகத் தேடாமல் எல்லாவற்றின் வெளிச்சத்தையும் மொத்தமாகச் சேர்த்து எங்கே கூடுதல் எங்கே குறைவு என்று படம் போடுகிறீர்கள், தூரத்து ஊரின் விளக்குகள் தெரியாவிட்டாலும் ஊர் இருக்கும் இடம் வெளுத்துத் தெரிவது போல. அந்த வெளிச்சம் பட்டுத்தான் எங்கும் மூட்டமாக நிறைந்திருந்த ஹைட்ரஜனின் அணுக்கள் உடைந்து வானம் தெளிந்தது, அது எப்போது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கத்தான் உங்கள் குழுவை நடத்தும் மேடத்தோடு பன்னிரண்டு பேர் நாலு வருஷமாகப் பாடுபடுகிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஞாயிறன்று நீ என்ன சொன்னாய்? தொலைநோக்கியை வேற பக்கம் திருப்பினாலும் அந்த வெளிச்சம் படத்துல அதே இடது மூலையில நிக்குதும்மா, மூணு வாரமா எனக்குத் தெரியும், மேடம்கிட்ட சொல்லல என்றாய். வானம் மாறியும் அது மாறவில்லை என்றால் அது வானத்து வெளிச்சம் இல்லை, உங்கள் கருவியில் இருக்கிற கோளாறு, இது எனக்கே புரிகிறது. அந்தக் கருவியைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நீ என்பதும், அதனால்தான் உனக்கு வாய் வரவில்லை என்பதும் புரிகிறது. அதை வைத்து உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், இது அப்பாவுக்குக்கூட இன்று காலைவரை தெரியாது.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்த முதல் வருஷம். ஒரு லாரி டிரைவருக்கு நெஞ்சில் எடுத்த படத்தில் மேலே வலது பக்கம் வெள்ளையாக ஒரு பொட்டு. டாக்டர் பார்த்துவிட்டு நுரையீரலில் காசநோய் என்று மாத்திரை எழுதிவிட்டார். மறுநாள் வேறு இரண்டு பேர் படத்திலும் அதே இடத்தில் அதே பொட்டு.  பிலிம் வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே கடுகளவு தூசி. தினமும் துடைக்க வேண்டியவள் நான். துடைத்தேன், அந்த இரண்டு பேருக்கும் புதுசாக எடுத்தேன், டிரைவர் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று பதினோரு நாள். கடைசியில் சோறு இறங்காமல் போய் டாக்டரிடம் சொன்னேன், நாலு பேர் முன்னால் நார் நாராகக் கிழித்தார், வேலை போகவில்லை. அந்த டிரைவரைக் கூப்பிட்டுப் புதுப் படம் எடுத்தோம், நெஞ்சு சுத்தம். அந்தப் பதினோரு நாளில் அவர் வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார், தனித் தட்டில் சாப்பிட்டிருந்தார், ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு பிள்ளைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஏன் துடைக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. உனக்கு எப்போலேர்ந்தும்மா தெரியும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். 

இன்றைக்கு உன்னை யாராவது அதைக் கேட்டால் மூன்று வாரம் என்று சொல்லலாம், அழுகை வந்தாலும் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் அறிவிக்கும்போதே தெரியும் என்றுதான் சொல்ல வேண்டிவரும். உண்மையான வெளிச்சம் அந்தப் படத்தின் அடியிலேயே எங்கேயாவது இருக்கலாம், அதைத் தேடி எடுக்க இந்தப் பொய் வெளிச்சம் முதலில் போக வேண்டும். மேடம் கத்துவார், கத்தட்டும். அப்பாவிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன், உன் கதையையும் என் கதையையும். காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அப்புறம், வெளிச்சத்த புடிச்சான்னு சொன்ன வாயால தப்ப புடிச்சான்னும் நானே சொல்லிக்கிறேன், அவள என்னை நெனச்சு பயப்பட வேண்டாம்னு எழுது என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனார்.

கண்ணே, நீ நல்லா இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது. வெறும் வயிற்றோடு போகாதே. தொலைநோக்கியை இரண்டு பக்கம் திருப்பி எடுத்த படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே போ, வெள்ளிக்கிழமை காலைவரை தள்ளாதே. சொல்லி முடித்ததும் போன் பண்ணு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த
உன் அம்மா